காலியாக நின்ற படுக்கைகள்: லைபீரியாவின் எபோலா நோயும் அமெரிக்க அரசாங்கத்தின் உதவியும்

2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா நாட்டின் பல மாவட்டங்களில் வெண்ணிறக் கூடாரங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நிலத்தைச் சமன் செய்து, சுற்றிலும் வேலியிட்டு, நோயாளிகள் புகும் வழி வேறு, வைத்தியர்கள் புகும் வழி வேறு என்று வகுத்து, குளோரின் கலந்த நீருக்குத் தனியே ஏற்பாடு செய்து, அமெரிக்க ராணுவத்தின் பொறுப்பில் நிறுவப்பட்ட எபோலா சிகிச்சை நிலையங்கள் அவை. அவற்றின் எண்ணிக்கை 11. அந்தப் பதினொன்றிலும் சேர்ந்து சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 28 பேர். ஒன்பது நிலையங்களுக்குள் ஓர் எபோலா நோயாளிகூட அடியெடுத்து வைக்கவில்லை.

ஆயினும் அதே காலத்தில் அந்நாட்டில் நோய் வேகமாகத் தணிந்துகொண்டிருந்தது என்பதும் உண்மையே. 2015 மே 9-ஆம் தேதியன்று, லைபீரியாவில் எபோலாப் பரவல் நின்றுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக அறிவித்தது. எனவே, உதவி வந்தது, நோய் ஒழிந்தது என்று ஒரு சாராரும், பணம் பாழாயிற்று என்று மற்றொரு சாராரும் முடிவு கட்டினர். இரண்டும் அவசர முடிவுகள். அயல்நாட்டில் பரவும் கொள்ளைநோயை எதிர்த்து ஓர் அரசாங்கம் செய்த காரியத்தை எடைபோட வேண்டுமாயின், எத்தனை டாலர், எத்தனை படுக்கை என்று எண்ணினால் மட்டும் போதாது. அவை எந்த வாரத்தில் வந்து சேர்ந்தன என்பதையும், நோயின் போக்கு மாறியபோது உதவியின் போக்கும் உடன் மாறியதா என்பதையும் கேட்க வேண்டும். இவ்விரண்டு கேள்விகளுக்கும் லைபீரியாவில் கிடைக்கும் விடைகள் ஒரே மாதிரியாக இல்லை. அதனாலேயே அவை ஆராயத்தக்கவை.

நோயின் இயல்பு

எபோலா வைரஸ் 1976-ல், அந்நாளில் ஜயர் என்று வழங்கிய காங்கோ நாட்டில் யம்புக்கு என்னும் சிற்றூரைச் சுற்றிப் பரவிய நோயிலிருந்து கண்டறியப்பட்டது. அப்பிரதேசத்து ஆறு ஒன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. இந்நோய் அம்மையைப்போல் காற்றின் வழியே பரவுவதன்று. நோயாளியின் இரத்தம், வாந்தி, பேதி முதலியவை மற்றொருவரின் காயத்திலோ, கண், வாய் முதலியவற்றின் மென்சவ்விலோ படும்போது தொற்றுகிறது. தொற்றிய 2 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் காணும். காய்ச்சல் காணுமுன் அவரிடமிருந்து பிறருக்கு நோய் பரவுவதில்லை. நோய் முற்ற முற்ற உடலில் வைரஸ் பெருகுகிறது. இறந்தவரின் உடலில் அது மிக அதிகம். ஆகவே, நோயாளிக்குப் பணிவிடை செய்யும் தாயும் மனைவியும், மருத்துவமனைத் தாதியும், பிரேதத்தைக் குளிப்பாட்டும் உறவினரும் முதலில் பலியாகின்றனர். அன்பும் கடமையும் உள்ளவர்களையே தேடிச் செல்லும் நோய் இது.

இதன் இயல்பு அறியப்பட்டிருந்தபடியால், தடுக்கும் வழியும் அறியப்பட்டிருந்தது. நோயாளியை முதல் சில நாட்களிலேயே பிரித்து வைத்தல், இறந்தவரைத் தக்க காப்புடன் அடக்கம் செய்தல், நோயாளியோடு பழகியவர் ஒவ்வொருவரையும் 21 நாட்கள் கண்காணித்தல் ஆகிய மூன்றும் செவ்வனே நடந்தால் நோய் ஓய்ந்துவிடும். 1976 முதல் மத்திய ஆப்பிரிக்காவில் எழுந்த பல எபோலாப் பரவல்கள் தடுப்பு மருந்து ஏதுமின்றி இவ்வாறே அடக்கப்பட்டவை. 2014-ல் குறைவாக இருந்தது விஞ்ஞான அறிவன்று. அதைச் செயற்படுத்தும் ஆட்களும் வேகமும் குறைவாக இருந்தன.

லைபீரியாவின் நிலைமை மிகவும் பரிதாபமானது. 1989-ல் தொடங்கி 2003 வரை இடையிட்டு நடந்த உள்நாட்டுப் போரினால் சுகாதார ஏற்பாடுகள் சிதைந்திருந்தன. ஏறத்தாழ 40 லட்சம் மக்களுக்கு நாடு முழுவதிலும் 50 வைத்தியர்களே இருந்தனர். 1820-களில் அமெரிக்காவிலிருந்து விடுதலை பெற்று வந்த நீக்ரோ அடிமைகள் குடியேறிய நாடு அது, 1847-ல் குடியரசாயிற்று. பழைய உறவுகளை ஒட்டியே பிற்பாடு பொறுப்பும் பங்கிடப்பட்டது. லைபீரியாவுக்கு அமெரிக்காவும், சியர்ரா லியோனுக்குப் பிரிட்டனும், கினிக்குப் பிரான்சும் முன்னின்றன. நோய்க்கு இந்த எல்லைகள் ஏதும் தெரியாது. மூன்று நாடுகளும் கூடும் காட்டுப் பகுதியிலேயே அது முதலில் வேரூன்றியது.

177 நாட்கள்

2013 டிசம்பரில் கினி நாட்டின் மெலியாண்டு என்னும் கிராமத்தில் ஒரு குழந்தை இறந்தது. அதுவே இப்பரவலின் முதல் சாவு என்று பின்னர் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. மூன்று மாத காலம் நோய் இன்னதென்று அறியப்படாமலே பரவிற்று. 2014 மார்ச் 23-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதை எபோலா என்று அறிவித்தது. அமெரிக்க அரசாங்கத்தின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அடுத்த சில நாட்களிலேயே நிபுணர்களை அனுப்பியது. இது அம்மையத்துக்குப் பெருமை தருவதே. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் லைபீரியாவில் நோய் அடங்கியதுபோல் தோன்றிற்று. அடங்கிய நெருப்பு என்று கருதப்பட்டது, சாம்பல் மூடிய நெருப்பாக இருந்தது. ஜூன் மாதத்தில், களத்தில் நின்ற ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ ஸ்தாபனம், நோய் கைமீறிப் போய்விட்டது என்று வெளிப்படையாகக் கூறியது. அவ்வெச்சரிக்கைக்கு எந்த வல்லரசும் அப்போது செவி சாய்க்கவில்லை.

ஜூலைக் கடைசியில் தலைநகரான மன்ரோவியாவில் பணியாற்றிய இரு அமெரிக்கச் சுகாதார ஊழியர்களுக்கு நோய் கண்டது. அவர்கள் ஆகஸ்டு முதல் வாரத்தில் விசேஷ விமானத்தில் அட்லாண்டா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்தனர். அமெரிக்கப் பத்திரிகைகளில் எபோலா முதற்பக்கத்துக்கு வந்தது அதன் பிறகுதான். ஆகஸ்டு 8-ல் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச சுகாதார நெருக்கடியைப் பிரகடனம் செய்தது. அந்த அறிவிப்பே மிகத் தாமதமானது என்று, 2015-ல் அந்நிறுவனமே அமைத்த டேம் பார்பரா ஸ்டாக்கிங் தலைமையிலான விசாரணைக் குழு குறை கூறியிருக்கிறது.

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் லைபீரியாவில் வாரந்தோறும் 300 முதல் 400 புதிய நோயாளிகள் பதிவாயினர். மன்ரோவியாவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் நடத்திய ‘எல்வா-3’ என்னும் நிலையம் ஆகஸ்டு 17-ல் 120 படுக்கைகளுடன் திறக்கப்பட்டு, பின்னர் 250 படுக்கைகளாக விரிந்தது. அப்படியும் இடம் போதவில்லை. நாளொன்றுக்கு அரை மணி நேரமே வாயிற்கதவு திறக்கப்பட்டது. முந்திய இரவில் இறந்தவர்களால் காலியான படுக்கைகளுக்கு ஈடாகச் சிலர் உள்ளே விடப்பட்டனர். மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்பி, அங்கே உற்றாருக்கு நோயைக் கொடுத்துவிட்டு இறந்தனர். ஒரு படுக்கையின் விலை அந்த வாரங்களில் எவ்வளவு என்பதை இதைக் கொண்டே மதிப்பிடலாம். பின்னால் காலியாக நின்ற கூடாரங்களில் ஒன்று அன்று அந்த வாயிலருகே இருந்திருக்குமாயின், அதன் பயன் அளவிடற்கரியது.

செப்டம்பர் 2-ல் அந்த ஸ்தாபனத்தின் சர்வதேசத் தலைவி டாக்டர் ஜோன் லியூ, ஐக்கிய நாடுகள் சபையில் நாடுகளின் பிரதிநிதிகளை நோக்கி, தொற்றுநோய் அபாயத்தைக் கையாளப் பயிற்சி பெற்ற சிவில், ராணுவப் பிரிவுகளை அனுப்புமாறு கேட்டார். ராணுவங்களிடமிருந்து விலகி நிற்பதையே கொள்கையாகக் கொண்ட ஸ்தாபனம் ராணுவத்தை அழைத்ததென்றால், நிலைமை எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்பது விளங்கும். லைபீரிய ஜனாதிபதி எலன் ஜான்சன் ஸர்லீஃப் அம்மையாரும் அமெரிக்க ஜனாதிபதிக்கு நேரே கடிதம் எழுதினார். செப்டம்பர் 16-ல் ஜனாதிபதி பராக் ஒபாமா அட்லாண்டாவில் தம் அரசின் திட்டத்தை அறிவித்தார். 3,000 படையினர் செல்வர். தலா 100 படுக்கைகள் கொண்ட 17 சிகிச்சை நிலையங்கள் கட்டப்படும். வாரத்துக்கு 500 சுகாதார ஊழியர்கள் பயிற்சி பெறுவர் என்பன அதன் முக்கிய அம்சங்கள். மார்ச் 23-லிருந்து செப்டம்பர் 16 வரை 177 நாட்கள்.

இந்தத் தாமதத்தின் பொருளை எளிய கணக்கொன்றால் அறியலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2014 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, லைபீரியாவில் நோயாளிகளின் தொகை ஏறத்தாழ 24 நாட்களுக்கு ஒரு முறை இரட்டித்தது. இன்று 100 படுக்கைகள் தேவை என்று கண்டு, அவற்றைக் கட்டி முடிக்க எட்டு வாரம் ஆகுமென்றால், கட்டி முடியும் நாளில் தேவை 500 ஆகியிருக்கும். அதாவது, பெருகும் நோயைத் துரத்துகிறவன் எப்போதும் பின்தங்கியே ஓடுகிறான். நோய் திரும்பிவிட்டாலோ, அதே எட்டு வாரத்தில் தேவை எதிர்த்திசையில் சுருங்கிவிடுகிறது. அமெரிக்கக் கட்டடங்களுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது விதி. அவற்றுள் முதலாவது, டப்மன்பர்க் என்னும் ஊரில், நவம்பர் 10-ல் திறக்கப்பட்டது. அதற்குள் லைபீரியாவில் நோயின் வளைகோடு கீழ்நோக்கித் திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நவம்பர் 13-ல் ஜனாதிபதி ஸர்லீஃப் நெருக்கடி நிலையையே நீக்கிவிட்டார்.

14 லட்சம் என்ற எண்

2014 செப்டம்பர் கடைசியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணிப்பை வெளியிட்டது. எதுவும் கூடுதலாகச் செய்யப்படாவிட்டால், 2015 ஜனவரி 20-க்குள் லைபீரியாவிலும் சியர்ரா லியோனிலும் மட்டும் 14 லட்சம் பேருக்கு நோய் காணக்கூடும் என்பது அது. உண்மையில், முழுப் பரவலிலும் மூன்று நாடுகளிலும் சேர்ந்து பதிவானவர்கள் 28,616 பேர். மாண்டவர்கள் 11,310 பேர். இந்த வேற்றுமையைக் கண்டு கணிப்பையே சிலர் எள்ளி நகையாடினர். வேறு சிலர், 14 லட்சத்திலிருந்து 28,000-ஐக் கழித்து, மிச்சத்தையெல்லாம் அமெரிக்க உதவி காப்பாற்றியதாகக் கணக்கு எழுதினர். இரண்டாவது பிழை முதலாவதைவிடப் பெரியது. ‘எதுவும் செய்யப்படாவிட்டால்’ என்ற நிபந்தனை ஒருபோதும் நிறைவேறுவதில்லை. அண்டை வீட்டில் சாவு விழுந்தால் மனிதர் சும்மா இருப்பதில்லை.

அந்த ஆய்வில் பலர் படிக்கத் தவறிய வேறொரு பகுதி உண்டு. நோயாளிகளில் 70 சதவீதத்தினர் சிகிச்சை நிலையத்திலோ, அல்லது பரவல் குறையும்படியான ஏற்பாட்டுடன் வீட்டிலோ ஊரிலோ வைக்கப்பட்டு, இறப்போர் பாதுகாப்பாக அடக்கம் செய்யப்படுவாராயின், நோய் தானே குறைந்து ஓய்ந்துவிடும் என்று அது கூறியது. கவனிக்க வேண்டியது, அந்த 70 சதவீதத்தைக் கான்கிரீட்டும் கூடாரமும் கொண்டுதான் எட்ட வேண்டும் என்று ஆய்வு சொல்லவில்லை. மயானமும் அதில் அடங்கியது. ஊர்ப் பஞ்சாயத்தும் அடங்கியது. வாஷிங்டனில் திட்டம் வகுத்தவர்களின் கண்ணுக்குப் படுக்கையே பெரிதாகத் தெரிந்தது. படுக்கையை எண்ணலாம், படம் பிடிக்கலாம், சட்டசபையில் கணக்குக் காட்டலாம். பிணத்தைத் தொடாமல் இருக்க இணங்கிய குடும்பங்களை அவ்வாறு எண்ணிக் காட்ட இயலாது.

அமெரிக்கத் திட்டத்தை ஆதரிப்போர் கூறும் நியாயம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. செப்டம்பர் நடுவில் நோய் எப்போது திரும்பும் என்று எவரும் அறியார். வளைகோடு ஏறிக்கொண்டிருக்கையில், ஏறும் என்றே கொண்டு ஆயத்தம் செய்வது கடமை. காலியாக நிற்கும் படுக்கை, தீப்பிடிக்காத நாளில் நிற்கும் தீயணைப்பு வண்டியைப் போன்றது. அதை வீண் என்னலாகாது என்பர். ஒரு முடிவை அன்று கையிலிருந்த தகவலைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்ற அளவில் இது முற்றிலும் சரி. செப்டம்பர் 16-ஆம் தேதியின் முடிவில் குற்றமில்லை. அது ஜூலையில் எடுக்கப்படாததே குற்றம். ஆனால் அக்டோபர்க் கடைசியில், படுக்கைகள் காலியாவதையும் நோயாளிகள் குறைவதையும் வாராந்தர அறிக்கைகளே காட்டிய பிறகும் பெரும்பாலான கட்டுமானங்கள் தொடர்ந்தனவே, அதற்கு இந்த நியாயம் பொருந்தாது. நிலையங்களின் தொகை 17-லிருந்து குறைக்கப்பட்டது உண்மை, நின்றுவிடவில்லை. ராணுவத்தின் பெருந்திறன் சாலை, விமானத்தளம், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றில் விளங்கிற்று. ஆயினும் தொடங்கிய கட்டடத்தைப் பாதியில் நிறுத்தி, அந்த ஆட்களை வேறிடத்துக்குத் திருப்பும் வழக்கம் அதற்கு இல்லை.

வேறொரு குறையும் இருந்தது. உச்ச கட்டத்தில் ஏறத்தாழ 2,800 படையினர் அங்கிருந்தபோதிலும், எபோலா நோயாளியைத் தொட அவர்களுக்கு அனுமதியில்லை. கட்டினார்கள், உள்ளூர் ஊழியர் 1,500-க்கு மேற்பட்டோருக்குப் பயிற்சியும் தந்தார்கள், கட்டடத்துக்குள் நின்று பணிபுரிய வேறு ஆட்களைத் தேட வேண்டியதாயிற்று. இதற்கு விலக்கு, அமெரிக்க அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரப் பணியினர் மன்ரோவியாவுக்கு அருகே நடத்திய 25 படுக்கை மருத்துவமனை. நோய் தொற்றிய சுகாதார ஊழியர்களுக்கென்றே அது நவம்பரில் திறக்கப்பட்டது. நமக்கு நோய் வந்தால் கவனிப்பார் உண்டு என்ற தைரியம் இருந்தால்தான் தொண்டர்கள் வருவர் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. இதே காலத்தில் செல்வத்தில் மிகச் சிறிய நாடான கியூபா, சியர்ரா லியோனுக்கு மட்டும் 165 வைத்தியர்களையும் தாதியரையும் அக்டோபர் முதல் வாரத்தில் அனுப்பிவிட்டது.

எது பலன் தந்தது?

அமெரிக்க உதவியில் மிகுந்த பயன் தந்தவை செலவு குறைந்த பகுதிகளே. அவற்றுள் முதலாவது ஆய்வுக்கூடம். காய்ச்சல் என்று வருபவருக்கு எபோலாவா, மலேரியாவா என்று அறியப் பல நாட்கள் ஆயின. அந்த நாட்களில் மலேரியா நோயாளி எபோலா நோயாளிகளுக்கிடையே படுத்திருக்க நேர்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவினர் இரண்டு நடமாடும் ஆய்வுக்கூடங்களைக் கொண்டுவந்து, ஒன்றை மன்ரோவியாவிலும் மற்றொன்றை உட்பகுதியிலுள்ள பாங் மாவட்டத்திலும் நிறுவினர். சில நாட்களில் கிடைத்த முடிவு சில மணி நேரத்தில் கிடைக்கலாயிற்று. நோயற்றவர் உடனே வீடு திரும்பினர். அவருடைய படுக்கை மற்றொருவருக்கு உதவிற்று. கட்டாமலே பெற்ற படுக்கைகள் என்று இவற்றைக் கூறலாம்.

இரண்டாவது, சவ அடக்கம். இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்புவது அந்நாட்டினரின் தலையாய கடன். ஆகஸ்டில் அரசாங்கம் மன்ரோவியாவில் எபோலாப் பிரேதங்களைத் தகனம் செய்யுமாறு ஆணையிட்டது. எரிக்கும் வழக்கமே இல்லாத மக்களுக்கு இது பேரிடியாயிற்று. மரணங்கள் மறைக்கப்பட்டன, எரியூட்டுதலுக்கு அஞ்சி நோயாளிகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டனர். டிசம்பரில், அமெரிக்க அரசாங்கத்தின் சர்வதேச அபிவிருத்தி ஸ்தாபனம் அளித்த பொருளுதவியுடன், டிஸ்கோ ஹில் என்னுமிடத்தில் அடக்கத்துக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. குடும்பத்தார் எட்ட நின்று பார்க்கவும், பிரார்த்தனை செய்யவும், புதைத்த இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. அடக்கக் குழுக்களில் பணிபுரிந்த இளைஞர்கள் லைபீரியரே. அவர்களை அண்டை வீட்டார் தீண்டாமல் ஒதுக்கினர். சிலருக்கு வாடகைக்கு வீடும் கிடைக்கவில்லை. இப்பரவல் அடங்கியதில் இவர்களுடைய பங்கு எந்த ராணுவத்தின் பங்கைவிடவும் குறைந்ததன்று.

மூன்றாவது, தொலைக் கிராமங்களுக்கு விரைந்து செல்லும் சிறு குழுக்கள். ஒரு கிராமத்தில் நோய் தோன்றியதாகச் செய்தி வந்தவுடன், மாவட்டச் சுகாதார அதிகாரிகளும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினரும் சேர்ந்து, காட்டாறுகளைக் கடந்து, கால்நடையாகவும் சென்று, அங்கேயே நோயாளிகளைப் பிரித்து வைத்தனர். இம்முறை கையாளப்பட்டபின், ஒவ்வொரு சிறு பரவலும் நீடித்த காலம் முன்பிருந்ததில் ஏறத்தாழப் பாதியாயிற்று என்றும், நோயுற்றோரில் பிழைத்தவர் விகிதம் உயர்ந்தது என்றும் அம்மையத்தின் அறிக்கை காட்டுகிறது. நோய் எங்கே போகிறதோ அங்கே குழுவும் போயிற்று. கட்டடத்துக்கு அந்தச் சக்தி இல்லை.

இவை யாவற்றுக்கும் முன்பாக மக்களே விழித்துக்கொண்டனர். மன்ரோவியாவின் மேற்கு முனை என்னும் நெருக்கமான குடிசைப் பகுதியை ஆகஸ்டு 20-ல் அரசாங்கம் படையினரைக் கொண்டு அடைத்தது. கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் அடைப்பு நீக்கப்பட்டது. பலாத்காரத்தால் நடவாதது, அதே பகுதியில் அங்கேயே வாழும் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடியபோது நடந்தது. கைகுலுக்கும் வழக்கம் நின்றது; வாயில்தோறும் குளோரின் நீர்வாளி தோன்றியது. முதல் அமெரிக்க நிலையம் திறக்கப்படுமுன் வளைகோடு திரும்பியதற்கு இம்மாறுதலே முதற்காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

லாகோஸ் நகரில் நடந்தது

2014 ஜூலை 20-ல் லைபீரியாவிலிருந்து நோயுடன் ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் விமானத்திலிருந்து இறங்கினார். கோடிக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் அந்நகரில் எபோலா பரவினால் என்ன ஆகும் என்று உலகமே அஞ்சிற்று. ஆனால் மொத்தம் 20 பேருக்கே நோய் கண்டது; 8 பேர் இறந்தனர். அக்டோபர் 20-ல் அந்நாடு நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. காரணம் என்ன? போலியோ ஒழிப்புக்காக அங்கே ஏற்கெனவே ஒரு நடவடிக்கை மையம் இயங்கி வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் உதவியுடன் பயிற்சி பெற்ற நைஜீரிய வைத்தியர்கள் பலர் அதில் இருந்தனர். அவர்கள் அப்படியே எபோலாவின் பக்கம் திருப்பப்பட்டனர். நோயாளிகளோடு பழகிய ஏறத்தாழ 900 பேரைக் கண்டுபிடித்து, 18,000 தடவைக்கு மேல் நேரில் சென்று பார்த்தனர். புதிதாகக் கட்டடம் எழுப்பிக் காத்திருக்கவில்லை. எந்த ராணுவமும் வந்திறங்கவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் உதவி மிகச் சிறப்பாகப் பலித்த இடம் எதுவென்று கேட்டால், 540 கோடி டாலர் ஒதுக்கீட்டில் இடம் பெறாத இந்த லாகோஸையே சுட்ட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்து முடிந்த உதவி அது.

அந்த 540 கோடி டாலரை அமெரிக்கச் சட்டசபை 2014 டிசம்பரில் அனுமதித்தது. அப்போது லைபீரியாவில் நோயாளிகள் மிகக் குறைந்துவிட்டனர். அனுமதிக்கப்பட்டதில் ஒரு பகுதி அமெரிக்காவுக்குள்ளேயே செலவாகும்படி வகுக்கப்பட்டது. உள்நாட்டு அச்சம் அதற்கு ஒரு காரணம். செப்டம்பர்க் கடைசியில் லைபீரியாவிலிருந்து டல்லாஸ் நகருக்கு வந்த ஒருவருக்கு நோய் கண்டு அவர் இறந்தார். அவரைக் கவனித்த இரு தாதியருக்கும் தொற்றியது. இருவரும் பிழைத்தனர். அவ்வளவே. எனினும் சில மாகாண ஆட்சியினர், மேற்கு ஆப்பிரிக்காவில் சேவை செய்துவிட்டுத் திரும்பும் ஊழியர்களையும், நோய்க்குறி இல்லாதபோதே 21 நாள் அடைத்து வைக்க முற்பட்டனர். அறிகுறி தோன்றுமுன் நோய் பரவாது என்ற விஞ்ஞான உண்மைக்கு இது மாறானது. தொண்டர்களின் வருகையையும் இது குறைத்தது. மத்திய அரசாங்கம் இந்த வற்புறுத்தலுக்கு முழுவதும் இணங்காமல், மேற்கு ஆப்பிரிக்க விமானப் பயணத்தைத் தடை செய்யாமல், வருவோரைக் குறிப்பிட்ட ஐந்து விமான நிலையங்களில் சோதித்து 21 நாள் கண்காணித்தது. இது போற்றத்தக்கது. கதவைச் சாத்தியிருந்தால் உதவியும் செல்லாது.

இந்தியாவுக்கும் இப்பரவலோடு தொடர்பு இருந்தது. ஐ.நா. அமைதிப் படையின் அங்கமாக 2007 முதல் 2016 வரை மன்ரோவியாவில் பணிபுரிந்த இந்தியப் பெண் போலீஸ் பிரிவினர், நோய் உச்சத்திலிருந்தபோதும் தங்கள் பொறுப்பிலிருந்து விலகவில்லை. 2014 நவம்பரில், லைபீரியாவில் நோயுற்றுக் குணமடைந்து டில்லிக்குத் திரும்பிய ஓர் இளைஞரின் இரத்தத்தில் வைரஸ் இல்லை; விந்தில் அதன் சுவடு காணப்பட்டமையால் அவர் விமான நிலையத்திலேயே தனியே வைத்துக் கவனிக்கப்பட்டார். குணமானவர் உடலின் சில பகுதிகளில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கக்கூடும் என்பது பின்னர் லைபீரியாவிலேயே, அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் அந்நாட்டினரும் சேர்ந்து நடத்திய ஆய்வில் விரிவாக நிறுவப்பட்டது.

தடுப்பூசிச் சோதனைகள்

காலம் தாழ்ந்ததன் விளைவு விஞ்ஞானத்திலும் தெரிந்தது. கனடாவின் வின்னிபெக் ஆய்வுக்கூடத்தில் உருவான ஒரு தடுப்பூசி, குரங்குகளிடம் நற்பயன் தந்தும், மனிதரிடம் சோதிக்கப்படாமல் பல ஆண்டுகள் கிடந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் ஆதரவில் 2015 பிப்ரவரியில் லைபீரியாவில் ஏறத்தாழ 28,000 பேரிடம் சோதனை நடத்த ஏற்பாடாயிற்று. தொடங்கும்போது நோயாளிகளே அருகிவிட்டனர். நோய் இல்லாதவிடத்து, தடுப்பூசி தடுத்ததா என்று எவ்வாறு அறிவது? 1,500 பேருடன் சோதனை சுருங்கியது. தடுப்பூசி உடலில் எதிர்ப்பை உண்டாக்குகிறது என்பது மட்டும் தெரிந்தது. சியர்ரா லியோனில் அமெரிக்கர் நடத்திய சோதனையும் இவ்வாறே முடிந்தது.

கினி நாட்டில் 2015 மார்ச்சில் தொடங்கிய சோதனை வேறு வழியைப் பின்பற்றியது. ஒரு நோயாளி கண்டுபிடிக்கப்பட்டவுடன், அவரோடு பழகியவர்களுக்கும், அவர்களோடு பழகியவர்களுக்கும் ஊசி போடப்பட்டது. 1970-களில் இந்தியாவில் பெரியம்மையை ஒழிக்கக் கையாண்டதும், நோயாளியைச் சுற்றி வளைத்து அம்மை குத்தும் இந்த முறையே. 1975 மேயில் இந்நாட்டின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டதுடன் அப்பணி வெற்றி பெற்றது. நோய் குறைவாக இருக்கும்போதும் நோய் உள்ள இடத்தையே தேடிச் செல்வதால், கினியில் முடிவு கிட்டியது. ஊசி போட்டுக்கொண்ட 5,837 பேரில் பத்து நாட்களுக்குப் பின் ஒருவருக்கும் எபோலா வரவில்லை. 2019 டிசம்பரில் இத்தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது.

2018 முதல் 2020 வரை காங்கோவின் கிழக்குப் பகுதியில் எழுந்த பெரும் பரவலில் 2,200-க்கு மேற்பட்டோர் இறந்தனர். இம்முறை தடுப்பூசி கையிலிருந்தது; ஆனால் போர் நடக்கும் பிரதேசமாதலால் அமெரிக்க அரசாங்கம் தன் நிபுணர்களைக் களத்திலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டது. ஊசி போடும் பணியைக் காங்கோ நாட்டினரும் கினியிலிருந்து அனுபவம் பெற்று வந்தவர்களும் செய்தனர்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, அயல்நாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. லைபீரியாவில் அடக்க நிலத்துக்குப் பொருளுதவி செய்த சர்வதேச அபிவிருத்தி ஸ்தாபனம் அவ்வாண்டு ஜூலையில் தனி ஸ்தாபனமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. அதே ஜனவரி 30-ல் உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில், எபோலாவின் இனத்தைச் சேர்ந்த சூடான் வைரஸ் நோய் தோன்றியதாக அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. இந்த வகைக்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி அப்போது இல்லை. சோதனைக்குரிய ஊசிமருந்து மட்டும், சோதனை முறையின் விவரங்கள் உட்பட, உகாண்டாவின் விஞ்ஞானிகளிடம் முன்னதாகவே ஆயத்தமாக இருந்தது. பிப்ரவரி 3-ல், அறிவிப்பு வெளியான நான்காம் நாளில், நோயாளியோடு பழகியவர்களுக்கு ஊசி போடத் தொடங்கினர். ஏப்ரல் 26-ல் பரவல் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டபோது, நோயுற்றவர்களின் மொத்தத் தொகை 14.